முதலில் கட்டை, பிறகு படகு

கனடாவின் மத்திய வங்கி 1974-ல் வெளியிட்ட ஒரு டாலர் நோட்டு இன்று பழைய பணம் சேர்ப்பவர்களிடம்தான் கிடைக்கும். 1987-ல் ஒரு டாலர் நாணயம் வந்தது. நோட்டு மெல்ல மறைந்தது. முன்பக்கம் வழக்கம்போல எலிசபெத் ராணி. பின்பக்கத்தில் ஒட்டாவா ஆறு, தொலைவில் மேட்டின்மேல் நாடாளுமன்றக் கட்டடம், முன்னால் ஆற்றில் மிதக்கும் மரக்கட்டைகள், அவற்றை வளைத்துச் சேர்க்கும் சின்னஞ்சிறு இழுவைப் படகு. 1963-ல் மாலக் கார்ஷ் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துச் செதுக்கிய படம் அது. (சர்ச்சிலின் முறைத்த முகத்தைப் படம்பிடித்துப் பெயர்பெற்ற யூசுஃப் கார்ஷின் தம்பி இவர்.) ஒரு நாடு தன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் போர்க்கப்பலை நிறுத்தவில்லை, பயணிகள் கப்பலை நிறுத்தவில்லை, கட்டை மேய்க்கும் படகை நிறுத்தியது. மாதிரிப் படகு செய்பவன் என்ற முறையில் அந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கட்டைகளை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். மிச்சமிருப்பது எங்கோ போகிற ஏதோ ஒரு படகு. கட்டைகள் இருந்தால்தான் அது என்ன செய்கிறது, ஏன் அவ்வளவு குட்டையாக இருக்கிறது என்பது விளங்குகிறது. இந்த வகைப் படகுக்கு மாதிரி செய்ய விரும்புகிறவர்கள் கட்டையிலிருந்து தொடங்க வேண்டும், படகிலிருந்து அல்ல என்பதுதான் இந்தத் தொழிலில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. கேட்க வேடிக்கையாக இருக்கலாம். காரணங்களைச் சொல்கிறேன்.

ஒட்டாவா ஆற்றில் கட்டை விடுவது நின்று போய்விட்டது. இந்தச் சிறு படகுகளை இன்றும் வேலையில் பார்க்க வேண்டுமானால் கனடாவின் மேற்குக் கரைக்கு, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்குப் போக வேண்டும். வான்கூவரை ஒட்டி ஓடும் ஃப்ரேசர் ஆற்றின் கிளைகளிலும், ஹவ் சவுண்ட் போன்ற கடற்கால்களிலும், கட்டைகளைத் தரம் பிரித்துக் கட்டும் இடங்களிலும் இவை உழைக்கின்றன. அங்கே பொதுப்பெயர் ‘பூம் போட்’. பக்கவாட்டிலும் பாய்வதால் ‘சைட்விண்டர்’ என்றும், புல்டோசர்போல முட்டித் தள்ளுவதால் ‘டோசர் போட்’ என்றும் சொல்வார்கள். எல்லைக்குத் தெற்கே வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் ‘லாக் பிராங்க்’. பிராங்க் என்றால் அடங்காத குதிரை. ஓடும்போது பார்த்தவர்கள் வைத்த பெயர் என்பதில் சந்தேகமே வேண்டாம். நீளம் பெரும்பாலும் 15 அடியிலிருந்து 20 அடிக்குள். அகலம் நீளத்தில் பாதி என்று சொல்லும்படி இருக்கும். முழுதும் எஃகு. ஒரே ஆள் ஓட்டுவார். அவர் தலைக்குமேல் ஒரு கூண்டு, காலடியில் ஒரு டீசல் எஞ்சின், அவ்வளவுதான் படகு. தமிழில் இவற்றை இழுவைப் படகு என்று எழுதுகிறோம். டாலர் நோட்டில் இருப்பது அந்தக் குலத்தின் மூத்த தலைமுறை என்பதால் அதில் தவறில்லை. ஆனால் இந்தக் குட்டிகள் இழுப்பது குறைவு. தள்ளுவது, முட்டுவது, ஒதுக்குவது, மடக்குவது, இவைதான் இவற்றின் அன்றாடம்.

அந்த அன்றாடம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் படகின் வடிவம் புரியும். மலைச்சரிவில் வெட்டிய மரம் கடற்காலின் கரைக்கு வந்து தண்ணீரில் இறங்குகிறது. டக்ளஸ் ஃபர், ஹெம்லாக், செடார் என்று இனம் இனமாக, தரம் தரமாக அதைப் பிரிக்க வேண்டும். தண்ணீரில் பட்டி போட்டாற்போல ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் அடைப்பு. ஆட்டுப்பட்டிக்கு மூங்கில் படல் மாதிரி இதற்கு வேலிக்கட்டைகள்: இரு முனையிலும் துளையிட்ட நீண்ட கட்டைகளைத் தலைக்கு வால் வைத்துச் சங்கிலியால் பிணைப்பார்கள். அந்தச் சங்கிலியின் ஒரு முனையில் வளையம், மறுமுனையில் குறுக்குக் கம்பி. கம்பியை இரண்டு கட்டைகளின் துளை வழியாகவும் விட்டு, வளையத்துக்குள் நுழைத்துத் திருப்பிவிட்டால் பூட்டிக்கொள்ளும். நம் வீட்டுப் பெண்கள் கைச்சங்கிலியில் போடும் பூட்டு இதன் பேத்தி. வேலிக்கட்டையின் வழக்கமான நீளம் 66 அடி. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் அதுவே, 22 கெஜம். நில அளவைக்காரர்களின் ஒரு சங்கிலியும் அதுவே. அடைப்பு நிறைந்ததும் பக்கவேலி பிதுங்காமல் இருக்கக் குறுக்கே கட்டைகளைப் போட்டுக் கட்டுகிறார்கள். பிறகு பெரிய இழுவைப் படகு வந்து முழுப் பட்டியையும் மணிக்கு ஒன்றிரண்டு கடல்மைல் வேகத்தில், நீரோட்டம் பார்த்து, ஆலைக்கு இழுத்துப் போகும். கட்டிய மரத்தைக் கலமாக்கி அதன்மேல் ஏறி மீன்பிடிக்கப் போன நம்மவர்கள் கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே கட்டிய மரமே சரக்கு. அதன்மேலும் மனிதர் நடப்பார். நம் கடலோடிகள் வெறுங்காலால் செய்ததை அவர்கள் அடியில் ஆணி பதித்த பூட்ஸ் போட்டுச் செய்கிறார்கள்.

கட்டைகளைப் பிரித்து அந்தந்த அடைப்புக்குள் ஓட்டும் வேலையை ஒரு காலத்தில் மனிதர்களே நீண்ட கூர்முனைக் கழிகளோடு செய்தார்கள். ஓர் ஆள் கழியால் ஒரு கட்டையை நகர்த்தலாம். நூறு கட்டை நெருக்கிக் கிடந்தால் கழி உதவாது. அந்த இடத்தில் வந்ததுதான் இந்தப் படகு. அதன் ஒவ்வோர் உறுப்பையும் கட்டை தீர்மானித்திருக்கிறது. அணியத்தில் செங்குத்தாக நிற்கும் எஃகுத் தகடுகளில் ரம்பம்போல் பல் வெட்டியிருப்பார்கள். கட்டை உருண்டை, ஈரம், பட்டையெல்லாம் வழுக்கல். பல் இல்லாத அணியம் அதை முட்டினால் கட்டை உருண்டு விலகும் அல்லது படகு சறுக்கி ஏறும். பல் கடித்துக்கொண்டால் கட்டை படகின் உறுப்பாகிவிடுகிறது. அடியில் புரொப்பல்லரைச் சுற்றிக் கம்பிக் கூடு. கட்டை ஒன்று கீழே மாட்டினால் இலைகள் தெறிக்காமல் இருக்க. அந்தக் கூட்டின் தைரியத்தில்தான் ஓட்டுநர்கள் வேலிக்கட்டையின்மேலேயே படகை ஏற்றி அடுத்த அடைப்புக்குள் இறக்குகிறார்கள். தனியாகச் சுக்கான் கிடையாது. எஞ்சினிலிருந்து கீழே இறங்கும் தண்டோடு புரொப்பல்லரே 360 பாகையும் திரும்பும். ஜெர்மனியில் ஷாட்டல் நிறுவனத்தின் ஜோசஃப் பெக்கர் 1950-ல் உருவாக்கிய சுழலும் உந்தியின் தத்துவமும் இதுதான். படகு நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும், நண்டுபோல் பக்கவாட்டில் நகரும். உந்துவிசை ஆழத்தில், கட்டையின் எதிர்ப்பு நீர்மட்டத்தில். இந்த இரண்டும் சேர்ந்து, முன்னால் தள்ளும்போது அணியத்தை மேலே தூக்கப் பார்க்கும், பக்கவாட்டில் தள்ளும்போது படகைச் சாய்க்கப் பார்க்கும். அதனால்தான் அவ்வளவு அகலம், அவ்வளவு தாழ்வான எடை. அழகுக்காக வளைத்த கோடு என்று இதில் ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. காலணி வார்த்த அச்சைப் பார்த்தால் காலின் அளவு தெரிவதுபோல, இந்தப் படகைப் பார்த்தால் கட்டையின் அளவு தெரியும்.

இனி மாதிரிக்கு வருவோம். இந்தப் படகுக்கு மாதிரி செய்ய வருகிறவர்களைக் கவர்வது பெரும்பாலும் அதன் கேலிச்சித்திர உருவம். தொட்டில் குழந்தைக்கு மீசை வைத்ததுபோல ஒரு தோற்றம். படத்தைப் பார்த்து உடலை ப்ளைவுட்டிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ செய்து, அறையின் ஜன்னல், புகைக்குழாய், விளக்கு எல்லாவற்றையும் நுணுக்கமாக வைத்து, கடையில் கிடைக்கும் மோட்டாரைப் பூட்டித் தண்ணீரில் விடுவார்கள். படகு தட்டான்போலத் தண்ணீரின்மேல் துள்ளும். பார்க்கிற குழந்தைகள் கைதட்டும். ஆனால் அதன் முன்னால் ஒரு நிஜக் கட்டையைப் போட்டால் படகுதான் பின்வாங்கும். இது திறமைக் குறைவு இல்லை, வரிசைப் பிசகு. எதை நகர்த்த வேண்டும் என்று முடிவு செய்யாமல் நகர்த்தும் பொருளைச் செய்துவிட்டார்கள். பயணிகள் கப்பலின் மாதிரி வெறும் தண்ணீரில் போனாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது. போவதுதான் அதன் வேலை. இந்தப் படகு வெறும் தண்ணீரில் போவது, மண்வெட்டி காற்றை வெட்டுவதற்குச் சமம்.

எடைக் கணக்கு எளிது, அதைச் செய்யாமல் தாண்டிப் போகக் கூடாது. 1:12 அளவை நான் விரும்புவேன். நிஜத்தின் ஓர் அடி மாதிரியில் ஓர் அங்குலம், அளவுநாடாவை வைத்துக்கொண்டு மனக்கணக்கிலேயே வேலை ஓடும். 5 மீட்டர் நீளப் படகு ஏறக்குறைய 42 சென்டிமீட்டராகிறது. பலரும் நிற்பது இங்கேதான். நீளம் 12-ல் ஒரு பங்கானால் எடை 12-ல் ஒரு பங்காகாது. நீளம், அகலம், ஆழம் மூன்றும் சுருங்குவதால் 1,728-ல் ஒரு பங்காகும். படகின் எடை 6 டன் என்று வைத்துக்கொண்டால் மாதிரி மூன்றரைக் கிலோ இருக்க வேண்டும். முழங்கை நீளம்கூட இல்லாத பொருளுக்கு மூன்றரைக் கிலோ! கையில் தூக்கிப் பார்ப்பவர்கள் முகம் மாறும். கண் எதிர்பார்த்ததைக் கை மறுக்கும். இந்தப் படகு எப்படிப்பட்டது என்பதை எந்த வர்ண வேலையும் இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடாது. அடிபாரமாக ஈயக் குண்டுகளை அடித்தளத்தில், இருபக்கமும் பரவலாக வைத்து, நீர்க்கோடு சரியாக வரும்வரை ஏற்ற வேண்டும். உயரத்தில் வைத்தால் எடை வரும், குணம் வராது. முதல் பக்கவாட்டுத் தள்ளலிலேயே மாதிரி கவிழ்ந்து பாடம் சொல்லும்.

வேகத்துக்கும் சக்திக்கும் வேறு விதிகள். இவற்றை வகுத்தவர் வில்லியம் ஃப்ரூடு என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1870களின் தொடக்கத்தில் டார்க்கீ நகரில் தன் வீட்டருகே நீண்ட தொட்டி கட்டி, பாரஃபின் மெழுகில் வார்த்த மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துப் பார்த்தவர். கிரேஹவுண்ட் என்ற நிஜப் போர்க்கப்பலையும் கடலில் இழுத்துத் தன் கணக்கைச் சரிபார்த்தவர். அலை எழுப்பும் விஷயத்தில் மாதிரியும் நிஜமும் ஒத்துப்போக வேண்டுமானால், வேகம் அளவின் வர்க்கமூலப்படி குறைய வேண்டும் என்பது அவர் கண்டது. 12-ன் வர்க்கமூலம் ஏறக்குறைய மூன்றரை. கட்டையைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 2 கடல்மைல் வேகத்தில் போகும் படகின் மாதிரி நொடிக்கு 30 சென்டிமீட்டர் போக வேண்டும், அதற்குமேல் கூடாது. ஒரு நொடிக்கு ஒரு பள்ளிக்கூட அடிக்கோல். நடை பழகும் குழந்தையின் வேகம். சக்தியோ இன்னும் வேகமாகச் சுருங்குகிறது: 100 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 1:12 அளவில் ஈடாவது சுமார் 12 வாட். வீட்டில் எரியும் எல்.இ.டி. பல்பு அளவு. கடையில் மாதிரிப் படகுக்கு என்று விற்கும் மோட்டார்களில் பல இதைவிடப் பல மடங்கு சக்தி கொண்டவை. படகு துள்ளுவதன் ரகசியம் அதுதான். சின்ன மோட்டார், பல்சக்கரம் வைத்துக் குறைத்த சுழற்சி, பெரிய புரொப்பல்லர், இந்த மூன்றும் சேர்ந்தால் வேகம் போய் இழுவை வரும். இழுவைப் படகுகளுக்குத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 100 குதிரைத்திறனுக்கு ஏறக்குறைய ஒரு டன் தள்ளுவிசை. 1:12-ல் அது 580 கிராம். படகின் பின்னால் ஒரு நூலைக் கட்டி, பயணப்பெட்டி எடைபோடும் கைத்தராசில் மாட்டி, தண்ணீர்த் தொட்டியில் முழு விசையில் ஓடவிடுங்கள். தராசு 580-ஐ ஒட்டிக் காட்டினால் படகு உண்மையானது. 100 காட்டினால் அது பொம்மை. 2,000 காட்டினாலும் பொம்மைதான்.

கட்டைக்கும் இதே கணக்கு. 12 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டையில் முக்கால் பங்கு நீருக்குள் இருக்கிறது என்றால் அதன் எடை இரண்டரை டன். மூன்று கட்டை சேர்ந்தால் 6 டன் படகைவிட அதிகம். மாதிரியில் அது ஒரு மீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் விட்டம், ஒன்றரைக் கிலோ. கடையில் வாங்கிய காய்ந்த உருட்டுக் கம்பைப் போட்டால் பாதிக்குமேல் வெளியே தெரியும்படி மிதந்து, படகு தொட்டதும் ஓடும். பார்ப்பவர் கண் உடனே பொய்யைக் கண்டுபிடித்துவிடும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும். நிஜக் கட்டை சோம்பேறி. தள்ளினால் முதலில் யோசிக்கும், நகர ஆரம்பித்தால் நிற்காது. அந்தக் குணம் மிதக்கும் மட்டத்தில் இருக்கிறது. ஆகவே பட்டையோடு உள்ள கிளையாக, நேராகப் பார்த்து எடுக்க வேண்டும். முருங்கைக்கிளை காய்ந்தால் தக்கை, உதவாது. கருவேலம் எதிர்ப்பக்கம், மூழ்கப் பார்க்கும். பூவரசு நடுவாந்தரம், வாரக்கணக்கில் ஊறப்போட்டால் சரியான மட்டத்துக்கு இறங்கும். பட்டை இருப்பது தோற்றத்துக்கு மட்டுமல்ல. அணியத்தின் பல் கடிக்க ஏதாவது வேண்டாமா? பித்தளைத் தகட்டில் நகைப்பட்டறை ரம்பத்தால் பல் வெட்டி, அரத்தால் கூராக்கி, ஈயப்பற்று வைத்தால் பல் நிஜமாகவே பட்டையில் பதியும். பிளாஸ்டிக்கில் வார்த்த பல் படத்தில் நன்றாக இருக்கும், கட்டையில் வழுக்கும். பல் சரியா என்று தீர்ப்புச் சொல்வது பூதக்கண்ணாடி அல்ல, பட்டையில் விழுந்த தழும்பு.

எல்லாக் கட்டையும் ஒரே மட்டத்தில் மிதந்தாலும் தவறுதான். ஹெம்லாக் பச்சையாக இருக்கும்போது கனம். அடிமரப் பக்கம் மூழ்கி, நுனி மட்டும் தலைகாட்ட, செங்குத்தாக நிற்கும் கட்டைகள் அந்தக் கடலில் சாதாரணம். ‘டெட்ஹெட்’ என்பார்கள். அலையோடு ஏறி இறங்கும் அந்தத் தலை சிறு படகுகளுக்கு எமன். பட்டியிலிருந்து தப்பிய கட்டைகளைத் தேடிப் பிடித்துக் காசாக்குவதே அங்கே தனித் தொழில். அதை வைத்து ‘பீச்கோம்பர்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 1972 முதல் 1990 வரை ஓடியது, அதில் வந்த பெர்ஸெஃபனி என்ற படகு கிப்ஸன்ஸ் ஊரில் இன்று கரையில் காட்சிக்கு நிற்கிறது. பத்துக் கட்டையில் ஒன்றின் ஒரு முனையில் துளையிட்டு ஈயம் அடைத்துவிட்டால் மாதிரிக் குளத்தில் டெட்ஹெட் தயார். மற்றவர் செய்த மாதிரியைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.

கட்டையிலிருந்து தொடங்கும் இந்த முறைக்கு வரும் முதல் ஆட்சேபணை இயற்பியல் தெரிந்தவர்களுடையது. தண்ணீரைச் சுருக்க முடியாதே, பிறகு எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்பார்கள். நியாயமான கேள்வி. நீரின் பசைத்தன்மையும் பரப்பு இழுவிசையும் மாதிரிக்கென்று குறைவதில்லை. சின்னப் புரொப்பல்லர் பெரியதைவிடத் திறன் குறைந்தது. 12 வாட் என்று கணக்குச் சொன்னாலும் 20 வாட் கொடுத்தால்தான் அதே தள்ளுவிசை வரலாம். ஃப்ரூடுவும் இதை அறிந்தவர்தான். உராய்வைத் தனியாகவும் அலையைத் தனியாகவும் பிரித்துக் கணக்கிட்டார். என் பதில், எதைச் சுருக்க முடியும், எதை முடியாது என்று தெரிந்து அளவைத் தேர்ந்தெடுங்கள் என்பது. தட்டில் தண்ணீர் விட்டு அரிசிப்பொரியைத் தூவினால் சிறிது நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகிவிடும். பரப்பு இழுவிசை செய்யும் வேலை அது. 1:72 அளவில் 60 சென்டிமீட்டர் கட்டை பென்சிலைவிடச் சற்றே பருத்த குச்சியாகி, பொரிபோல ஒட்டிக்கொள்ளும். எந்தப் படகாலும் அதைக் கட்டைபோல நடத்த முடியாது. 1:12-ல் அந்தத் தொல்லை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. விலையாக இடம் கேட்கிறது: 66 அடி வேலிக்கட்டை 168 சென்டிமீட்டர், நாலு பக்கமும் அடைத்தால் ஓர் இரட்டைக் கட்டில் அளவு பட்டி. குளியலறைத் தொட்டி போதாது, கிணற்றடித் தொட்டியும் போதாது, குளம் வேண்டும். இடமில்லாதவர்கள் 1:24-க்குப் போகலாம். படகு 21 சென்டிமீட்டர், எடை 430 கிராம், பட்டி ஒரு பாய் அகலத்துக்குள் அடங்கும். அதற்கும் கீழே போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இரண்டாவது ஆட்சேபணை அலமாரி மாதிரிக்காரர்களுடையது. எங்கள் மாதிரி தண்ணீரைப் பார்க்கப் போவதே இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போகிறது, எடை எதற்கு, தள்ளுவிசை எதற்கு? இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அருங்காட்சியகத்தில் வைக்கும் மாதிரி ஓர் ஆவணம். ஆவணத்துக்கு மோட்டார் தேவையில்லை. ஆனால் அவர்களிடமும் ஒன்று கேட்பேன். பெட்டிக்குள் படகோடு ஒரு கட்டையாவது வைத்திருக்கிறீர்களா? படகை மட்டும் தனியாக வைத்து, எதற்கு இந்தப் பல், எதற்கு இந்தக் கூடு என்று பார்ப்பவரை ஊகிக்கவிடுவது ஆவணத்துக்கு அழகில்லை. நீர்க்கோட்டுக்குக் கீழே இருக்கும் உந்தியும் கூடும்தான் இந்தப் படகின் முகம். அதைத் தாங்குகட்டையில் புதைத்துவிட்டு அறை ஜன்னலின் ரப்பர் விளிம்பை நுணுகிச் செய்பவர்கள் உண்டு. இன்னொன்று, இந்தப் படகு புதிதாக இருக்கும் நாள் மிகக் குறைவு. பல் மழுங்கும், விளிம்பு நெளியும், வர்ணம் முதலில் போவது அணியத்தில்தான். துருவைத் தூரிகையால் எங்கே வைப்பது என்று குழம்புகிறவர்கள் கட்டை எங்கே உரசும் என்று கேட்டுக்கொண்டால் போதும். அலமாரி மாதிரிக்கும் வழிகாட்டி கட்டைதான்.

கொஞ்சம் கனமான ஆட்சேபணை மூன்றாவது. பழங்காட்டை வெட்டி விற்ற தொழிலின் கருவி இது, அதை அன்போடு சின்னதாக்கிச் சீராட்டுவது எந்த வகை நியாயம்? 1993-ல் வான்கூவர் தீவின் கிளாக்வாட் சவுண்டில் மரம் வெட்டுவதைத் தடுக்க மக்கள் சாலையை மறித்தார்கள். 800-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அந்த மாகாணத்தில் கட்டை என்பது வெறும் சரக்கு அல்ல, வழக்கு. பட்டிகளின் அடியில் உதிர்ந்த மரப்பட்டை கடற்கால் தரையை மூடி நண்டையும் சிப்பியையும் திணறடித்ததும் தெரிந்த செய்தி. தரம் பிரிக்கும் வேலை பல இடங்களில் கரைக்கு ஏறியதற்கு அது ஒரு காரணம். தானே சாய்ந்து கட்டைகளைக் கொட்டும் பெரிய மிதவைகளும் வந்து, இந்தக் குட்டிப் படகுகளின் வேலை சுருங்கியிருக்கிறது. இதையெல்லாம் மறைக்கும் மாதிரியை நானும் ஏற்க மாட்டேன். மறைப்பது கட்டையில்லாத மாதிரிதான் என்பது என் வாதம். கட்டையைச் செய்ய உட்கார்ந்தால் எந்த ஆண்டின் கட்டை என்று முடிவு செய்தாக வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய பழங்காட்டு மரம் என்றால் 2 மீட்டர் விட்டத்தையும் எதிர்பார்க்கலாம், 1:12-ல் 17 சென்டிமீட்டர், ஒரு சோற்றுப்பானையின் வாய். இன்றைய மறுவளர்ச்சி மரம் என்றால் 40 சென்டிமீட்டர் விட்டம், மாதிரியில் மூன்று விரல் தடிமன்கூட வராது. இரண்டையும் ஒரே குளத்தில் பக்கத்தில் பக்கத்தில் மிதக்கவிட்டால் காட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பலகை எழுதிவைக்க வேண்டியதில்லை. படகை மட்டும் செய்து பளபளவென்று வைப்பவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

என் வாதத்துக்கு நானே ஓர் எதிர்ச்சாட்சியைக் கொண்டுவருகிறேன், ஏனென்றால் யாராவது கொண்டுவரத்தான் போகிறார்கள். அமெரிக்கக் கடற்படையிடம் 19 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட குட்டி இழுவைப் படகுகள் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் லாங்வியூ ஊரில், கட்டைத் தொழிலுக்குப் படகு கட்டும் ஒரு சிறு பட்டறையிலிருந்து வந்தவை. ‘பூமிங் பீவர்’ என்பது செல்லப்பெயர். 2017 வாக்கில் இவற்றின் படங்கள் இணையத்தில் பரவி, உலகின் மிகப் பலமான கடற்படையின் மிகச் சிறிய கலம் என்று சிரித்துத் தீர்த்தார்கள். இவை ஒரு கட்டையைக்கூடத் தள்ளுவதில்லை. ஆக, கட்டை இல்லாமலும் இந்தப் படகு உண்டுதானே? இல்லை என்றுதான் சொல்வேன். அவை செய்வது என்ன என்று பாருங்கள். துறைமுகத்தில் போர்க்கப்பல்களைச் சுற்றிப் பாதுகாப்புக்கு மிதக்கும் வேலி போட்டிருக்கிறார்கள். கப்பல் வரும்போது வேலியைத் திறந்து, போனதும் மூட வேண்டும். மிதக்கும் துண்டுகளைத் தலைக்கு வால் பிணைத்த வேலி, உள்ளே ஓர் அடைப்பு, அதைத் திறந்து மூட ஒரு குட்டிப் படகு. சரக்குக் கட்டை போய்விட்டது, வேலிக்கட்டை இருக்கிறது. கட்டையின் இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்த பிறகும் படகின் அகலமும் எடையும் சுழலும் உந்தியும் மாறவில்லை. பூமிங் பீவருக்கு மாதிரி செய்பவர்கள் அந்த வேலியில் இரண்டு துண்டாவது செய்து பக்கத்தில் போட வேண்டும். 1:12-ல் படகு 19 அங்குலம், 10 அங்குலம். கணக்குப் போடக்கூட வேலையில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கடைசியாக. படகின் வரைபடத்தைத் தேடி இப்போதே அலைய வேண்டாம். முதலில் ஒரு மீட்டர் நீளத்தில், 5 சென்டிமீட்டர் பருமனில், பட்டை உரியாத ஐந்து கிளைகளை வெட்டி, கல் கட்டித் தொட்டியில் அமிழ்த்துங்கள். வாரம் ஒருமுறை கல்லை அவிழ்த்து, எவ்வளவு வெளியே தெரிகிறது என்று சுண்ணாம்பால் கோடு போடுங்கள். முக்கால் பங்கு உள்ளே போனதும் எடுத்து எடை போட்டு எழுதி வையுங்கள். பிறகு அந்தக் கைத்தராசையே நூலில் கட்டி, ஐந்தையும் சேர்த்து நொடிக்கு ஓர் அடிக்கோல் வேகத்தில் தண்ணீரில் இழுத்து, எத்தனை கிராம் பிடிக்கிறது என்று பாருங்கள். உங்கள் படகுக்கு எவ்வளவு மோட்டார் வேண்டும் என்பதற்கு அந்த எண்தான் பதில். ஊற ஒரு மாதமாவது ஆகும். மரம் வேலைக்கு வருவதற்குள் ப்ளைவுட் வாங்கிவிடலாம்.